குற்றாலத்துக் குறத்தியும் பெத்லகேம் குறத்தியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அங்கே பெரிய மனிதர்களைக் காண்பது அரிது. அருவியின் கீழ் நின்றுகொண்டு கௌரவத்தைக் காப்பாற்ற யாரால் முடியும்? ஆபீஸில் சிரித்தறியாத உத்தியோகஸ்தரும் குழந்தைபோல் கூச்சலிடுகிறார்.

இந்தக் குதூகலத்தைத் தமிழில் பிடித்து வைத்தவர், தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள்; குறத்தி குறி சொல்கிறாள்; பறவை பிடிக்க வந்த சிங்கன் தன் சிங்கியைத் தேடி அலைகிறான்.

இதற்கும் வேதக்கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பன்னிரண்டாம் வயதில் சுவார்ட்ஸ் பாதிரியாருடன் தஞ்சை சென்று, பின்னர் நம்மைப் போலவே பள்ளி உபாத்தியாயரானார். பிரம்பும் பாடமுமாகக் காலம் தள்ளியிருக்க வேண்டியவர். ஆனால் அவர் பாடியதோ பெத்லகேம் குறவஞ்சி! அதில் நாயகி தேவமோகினிதான் திருச்சபை, மணவாளன் கிறிஸ்து, குறத்தி விசுவாசம். கோபர்நிக்கஸின் வான சாஸ்திரமும் பூகோளமும்கூட நடுவே புகுந்துவிட்டன. உபாத்தியாயர் பழக்கம் எளிதில் போகுமா?

பக்தி என்றால் முகத்தைத் தொங்கவிட்டுக்கொள்வது என்று எண்ணுவோர் எல்லா மதத்திலும் உண்டு. கிறிஸ்தவருக்கோ குறி கேட்பதே விலக்கு. அப்படியிருந்தும் சாஸ்திரியார் குறத்தியை விரட்டவில்லை. உள்ளே அழைத்து, அவள் சொல்லும் குறியை மாற்றினார். வேடிக்கையை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவர் கருதவில்லை.

ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்து, 1864-ல் அவர் காலமானார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கோயில்களில் பாடுகிறார்கள். அப்போது பேரன்மாரைவிடத் தாத்தாக்களே பலமாகத் தாளம் தட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம்.