வாட்ச் வாரை வீட்டிலேயே கழற்றலாம்

கைக்கடிகாரத்தின் வாரைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டே இரண்டு பின்கள். மேல் வாருக்கு ஒன்று, கீழ் வாருக்கு ஒன்று. ஸ்பிரிங் பின் எனப்படும் இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துவிட்டால் போதும். தனிக் கருவி எதுவும் இல்லாமல், வீட்டில் கிடக்கும் சிறு ஸ்க்ரூடிரைவரையோ ஊக்கையோ வைத்தே வாரைக் கழற்றி மாட்டலாம்.

முதல் உலகப் போரை ஒட்டிக் கைக்கடிகாரம் பரவியபோது, பல வாட்ச்களில் வார் மாட்டும் கம்பி கேஸோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது. அதனால் வாரைக் கம்பியைச் சுற்றித் தைக்கவோ ஒட்டவோ வேண்டியிருந்தது. பழசானால் அறுத்துத்தான் எடுக்க முடியும். அந்தத் தொல்லை ஸ்பிரிங் பின் வந்த பிறகு தீர்ந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் உற்பத்தி தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச்களிலும், டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் தயாரித்த வாட்ச்களிலும் பெரும்பாலும் இந்த முறையே இருக்கிறது.

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி வட்டாரத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் தோல் வார் நெடுநாள் தாங்குவதில்லை. வியர்வையில் உள்ள உப்பு தோலுக்குள் இறங்குகிறது. தோலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை குறைகிறது. வார் விறைத்து, துளைகளை ஒட்டி வெடிக்கிறது. பின் இருக்கும் இடத்தில் அழுக்கும் உப்பும் சேர்ந்து துருவும் பிடிக்கிறது. அவ்வப்போது வாரைக் கழற்றித் துடைத்து வைப்பவருக்கு வாரும் பின்னும் கூடுதல் காலம் உழைக்கும்.

பின்னின் அமைப்பு

கேஸின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் இரண்டிரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காதின் உள்பக்கத்திலும் ஒரு சிறு குழி உண்டு. எதிரெதிரான இரு குழிகளுக்கு நடுவே பின் உட்காரும். பின் என்பது மெல்லிய எஃகுக் குழாய்தான். அதற்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. குழாயின் முனையில் உள்ள நுனியை அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வந்து குழியில் பதியும். நுனிக்குச் சற்று உள்ளே தள்ளித் தடித்த விளிம்பு ஒன்று இருக்கும். அந்த விளிம்பைப் பிடித்து, பின்னின் நடுப்பகுதியை நோக்கி ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளினாலே நுனி குழியை விட்டு விலகிவிடும். கடையில் உள்ள கருவியின் பிளந்த முனை செய்யும் வேலையும் இதுவே.

முதலில் பார்க்க வேண்டியவை

வாட்ச்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாரின் அடிப்பக்கத்தில், கேஸை ஒட்டிச் சிறு குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் வேலை சுலபம். குமிழை நகத்தால் வாரின் நடுப்பக்கம் இழுத்தால் பின் கழன்றுவிடும். காதுகளின் வெளிப்பக்கத்தில் துளை தெரிந்தால், நிமிர்த்திய பேப்பர் கிளிப்பையோ ஊக்கின் முனையையோ துளைக்குள் விட்டு பின்னின் நுனியை உள்ளே தள்ளலாம். சில வாட்ச்களில் வார் திருகாணியால் மாட்டப்பட்டிருக்கும். திருகாணியின் தலைக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் மட்டும் அதற்குப் போதும். இவை எதுவும் இல்லையென்றால் பின்பக்கத்திலிருந்து விளிம்பைத் தள்ளும் முறைதான்.

கழற்றும் முறை

வெளிச்சமான இடத்தில், விளிம்புள்ள தட்டு ஒன்றில் மெல்லிய துண்டை மடித்து விரித்து, கண்ணாடி கீழே இருக்குமாறு வாட்ச்சை வைக்க வேண்டும். சுருள்வில்லின் விசையில் பின் தெறித்தால் தட்டுக்குள்ளேயே விழும். காதுகளின் உள்பக்கத்திலும் கேஸின் ஓரத்திலும் செல்லோ டேப் ஒட்டினால் கீறல் விழாது. பழைய டூத்பிரஷால் பின் இருக்கும் இடத்து அழுக்கைத் தட்டிவிட்டால் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

அடுத்து, வாரை ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். வாருக்கும் காதுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் மிகச் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையை விட்டு, விளிம்புக்கும் காதுக்கும் நடுவே வைத்து, வாரின் நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுழையாவிட்டால் பேனாக்கத்தியின் நுனி உதவும். கூரான ஊசி வழுக்கும், விரலையும் குத்தும்; ஆகவே தட்டையான முனையே நல்லது. நுனி உள்ளே போனதும் வாரை அப்படியே மேலே தூக்கினால் அந்த முனை வெளியே வந்துவிடும். மறுமுனையை எந்தக் கருவியும் இல்லாமலே எடுக்கலாம்.

ஊறிப்போன தோல் வாரில் விளிம்பு வெளியே தெரியாமல் உள்ளே புதைந்திருப்பதுண்டு. தூக்கி எறியப்போகும் வார் என்றால், காதிலிருந்து சற்றுத் தள்ளி அதைக் கத்தரித்து, பின்னைச் சுற்றியுள்ள தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்துவிட்டால் பின் வெளியே தெரியும்.

கழற்றிய வாரின் வெட்டுமுனை அதன் தோலைக் காட்டிக்கொடுக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பரந்த இந்தத் தோல் வட்டாரத்தில் முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் உப்பு பரவலாக வந்தது. பட்டையில் பதனிட்ட தோலின் உட்பகுதி பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் உட்பகுதி, உள்வரை சாயம் ஏறாத இடத்தில், நீலச் சாம்பல் நிறம் காட்டும். மேலே மட்டும் நிறம் பூசி உள்ளே துணியோ ரெக்சினோ வைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

மாட்டும் முறை

புது வார் வாங்குமுன் இரு காதுகளுக்கும் இடையே உள்ள அகலத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஆண்கள் வாட்ச்களில் 18, 20, 22 மில்லிமீட்டரும், பெண்கள் வாட்ச்களில் 12, 14, 16 மில்லிமீட்டரும் அதிகம் புழங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் கூடினால் வார் பிதுங்கும். குறைந்தால் இடைவெளி தெரியும், வார் பக்கவாட்டில் ஆடும்.

பக்கிள் உள்ள சிறு வார் 12 மணிப் பக்கத்திலும், துளைகள் உள்ள நீள வார் 6 மணிப் பக்கத்திலும் வரும். வாரின் முனையில் பின்னை நுழைத்து, ஒரு நுனியை முதலில் காதின் குழியில் பொருத்த வேண்டும். மறுநுனியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக்கொண்டே வாரை உள்ளே நகர்த்தினால், குழிக்கு நேராக வந்ததும் 'டக்' என்று பதியும். பிறகு வாரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்ப்பது அவசியம். ஒரு நுனி பதியாமல் நின்றாலும் வாட்ச் கையிலிருந்து நழுவி விழுந்துவிடும். வளைந்த, துருப்பிடித்த, அழுத்தினால் திரும்பி வராத பின்னை மீண்டும் மாட்டக் கூடாது. புதுப் பின்னுக்குச் செலவு மிகக் குறைவு.

பழைய தோல் வாரையே மறுபடி மாட்டுவதானால், ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலோ வெயிலில் போட்டாலோ தோல் இன்னும் விறைக்கும்.

உலோகச் செயினையும் பெரும்பாலும் இதே முறையில் கேஸிலிருந்து கழற்றலாம். கண்ணிகளைக் குறைப்பது வேறு வேலை. கண்ணியின் உள்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், அது காட்டும் திசையில் பின்னைத் தட்டி எடுத்து, எதிர்த்திசையில் திருப்பி அடிக்க வேண்டும்.

துருவில் இறுகிய பின், தலை தேய்ந்த திருகாணி, கேஸும் செயினும் ஒரே வார்ப்பாக உள்ள வாட்ச், விலை உயர்ந்த அல்லது நினைவுக்காக வைத்திருக்கும் வாட்ச் ஆகியவற்றைப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. மற்ற வாட்ச்களுக்கு நல்ல வெளிச்சமும் தட்டையான முனையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.