ஜிம் ஒளிஞ்சிருந்த பூக்கூடை

இன்னிக்கு ‘ட்ரெஷர் ஐலண்ட்’ பற்றிப் பேசலாம். புத்தகமா இல்லை, நாடகமா. ஏன்னா, மே மாசக் கடைசியில் தோவாளையில், எங்க ஆச்சி வீட்டு மொட்டைமாடியில், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அதைப் போட்டாங்க. கப்பல் பாய்க்கு ரெண்டு பெட்ஷீட். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து இருக்கே, அதுவே பாயை உப்ப வெச்சிடுச்சு.

இந்தக் கதை பிறந்ததே ஒரு குடும்பத்துக்குள்ளதான். 1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மழையில் வீட்டுக்குள்ளேயே கிடந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், மனைவியோட மகன் லாய்டுடன் விளையாட்டா ஒரு தீவு மேப் போட்டார். அதிலிருந்துதான் கதை. எழுத எழுத வீட்டில் வாசிச்சுக் காட்டினார். பில்லி போன்ஸ் பெட்டிக்குள் என்னென்ன இருந்தது என்கிற பட்டியல் அவர் அப்பா போட்டுக் குடுத்தது! 1883-ல் புத்தகமா வந்துச்சு.

மேடையேத்துறவங்க பலர் வாள்சண்டை, புதையல் பெட்டி இதுக்குத்தான் மெனக்கெடுறாங்க. எனக்கு அது தப்புன்னு படுது. நாடகம் நிக்கிறது ஜான் சில்வர் மேல. ஒத்தைக்கால், தோளில் கிளி, கப்பல் சமையல்காரர். அப்பாவை இழந்த ஜிம்மிடம் அவ்வளவு பிரியமாப் பழகுறார். பார்க்கிற பிள்ளைகளுக்கும் முதல்ல அவரைப் பிடிச்சுப் போகணும். அப்புறம்தான் ஆப்பிள் பீப்பாய் காட்சி. ஆப்பிள் எடுக்க உள்ளே இறங்கின ஜிம், வெளியே சில்வர் கலகத்துக்கு ஆள் சேர்க்கிறதைக் கேட்கிறான். கலகம்கூடப் பெரிசில்லை. தன்னைப் புகழ்ந்த அதே வார்த்தைகளை சில்வர் இன்னொரு பையனிடம் சொல்றாரே, அதுதான் வலி.

எங்க ஜிம் பத்து வயசுப் பொண்ணு. 2014-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் பிரையனி லேவரி எழுதின வடிவத்திலும் ஜிம் பொண்ணுதான். டி.கே. சண்முகம் ஔவையாரா நடிச்சு, ‘ஔவை’ சண்முகம்னே பேர் வாங்கின நாட்டில் இது என்ன பெரிய விஷயம்?

மாமாதான் சில்வர். முழங்காலை மடக்கித் துண்டால் கட்டிக்கிட்டார். (நீங்க செஞ்சா காட்சிக்குக் காட்சி அவிழ்த்துடுங்க, கால் மரத்துப் போகும்.) பீப்பாய்க்குப் பதில் மார்க்கெட்டுக்குப் போற பெரிய பூக்கூடை. பின்னல் இடைவெளியில் ஜிம்மோட கண் மட்டும் தெரிஞ்சுது. ‘நீ கெட்டிக்காரியாக்கும் மக்ளே’ன்னு ஜிம்மிடம் சொன்ன அதே தொனியில், மாமா அடுத்த பையனிடம் ‘நீ கெட்டிக்காரனாக்கும் மக்ளே’ன்னார். முன்னால உட்கார்ந்திருந்த ஆறு வயசுக்காரி எழுந்து கத்தினா: “அவகிட்டயும் இதத்தானே சொன்னிய!”

நாவல் முடிவில் சில்வர் ஒரு பை காசோட தப்பிச்சுடுறார். எங்க வீட்டில் பெரிய சண்டையே இதுக்குத்தான். “கள்ளனப் பிடிச்சுக் குடுக்காண்டாமா, பிள்ளேள் பாக்குதுல்லா?”ன்னு ஆச்சி. ஜிம்மா நடிச்சவ ஒத்துக்கவே இல்லை. மத்த கொள்ளையர்கள் ஜிம்மைக் கொல்ல வந்தப்ப குறுக்கே நின்னதும் சில்வர்தானேன்னு கேட்டா. நாவலில் இருந்தபடியே விட்டோம்.

மறுநாள் காலையில் தோசை சாப்பிடும்போதும் அந்தச் சின்னது மாமா பக்கத்தில் உட்காரலை.