கதவு திறக்கும் செப்டம்பர்

லண்டனின் லாய்ட்ஸ் கட்டடத்தைத் தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ தொழிற்சாலை போலிருக்கும். குழாய்கள், மாடிப்படிகள், லிஃப்டுகள் எல்லாம் வெளிப்புறத்தில். ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்து 1986இல் திறக்கப்பட்ட இந்தக் காப்பீட்டுச் சந்தைக்குள் போனால்தான் காரணம் புரியும். தடையே இல்லாத பெரிய கூடம். அண்ணாந்தால் வளைந்த கண்ணாடிக் கூரை. குழாயைப் பழுதுபார்க்க வேண்டுமானாலும் உள்ளே வேலை நிற்காது.

அப்படி உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பைப் பொதுமக்களுக்குத் தருவதுதான் லண்டனின் ‘ஓப்பன் ஹவுஸ்’ விழா. நல்ல கட்டடம் எது என்று மக்களே எடைபோட வேண்டும் என்பதற்காக விக்டோரியா தார்ன்டன் 1992இல் இதைத் தொடங்கினார். இன்று ஆண்டுதோறும் செப்டம்பரில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் திறக்கின்றன. கட்டணம் கிடையாது. டப்ளின், நியூயார்க், மெல்போர்ன் நகரங்களும் இதைப் பின்பற்றுகின்றன.

இந்தியர்கள் தவறவிடக்கூடாத இடம், இந்த விழாவில் திறந்துவிடப்படும் பிரிட்டன் வெளியுறவு அமைச்சகத்தின் ‘தர்பார் முற்றம்’. இந்தியாவை ஆண்ட ‘இந்தியா ஆபீஸ்’ இங்கேதான் இயங்கியது. மேத்யூ டிக்பி வயாட்டின் படைப்பு இது. கீழ் இரண்டு தளங்களில் மெருகேற்றிய சிவப்புக் கிரானைட் தூண்கள், மேல்தளத்தில் சாம்பல் நிறத் தூண்கள், காலடியில் பளிங்கு. 1867இல் துருக்கி சுல்தானுக்கு இங்கு நடந்த ஆடம்பர விருந்தின் செலவு இந்தியாவின் வரிப்பணக் கணக்கில் எழுதப்பட்டது. அந்தத் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறானது தென்கிழக்கு லண்டனின் வால்டர்ஸ் வே. வீட்டுக்காக லூயிஷம் நகராட்சியிடம் பதிந்து காத்திருந்தவர்கள், 1980களில் தங்கள் கையாலேயே கட்டிய 13 வீடுகள். கட்டடக் கலைஞர் வால்டர் சீகல் வகுத்த முறை எளிமையானது: மரச்சட்டகத்தை போல்ட் போட்டு நிறுத்துவது, கடையில் கிடைக்கும் அளவிலேயே பலகைகளைப் பொருத்துவது. சரிவான நிலத்தைச் சமப்படுத்தவில்லை. வீடுகள் மரக்கால்களில் நிற்கின்றன. குடியிருப்பவர்களே வாசலில் வரவேற்று, எந்தச் சுவரை எப்போது நகர்த்தினோம் என்று காட்டுகிறார்கள்.

செப்டம்பரில் லண்டனில் இருப்பவர்கள் அந்த ஆண்டின் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பிரதமரின் டவுனிங் தெரு இல்லம் போன்றவற்றுக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். பலவற்றுக்கு வரிசையில் நின்றாலே போதும். புகழ்பெற்ற கட்டடங்களோடு, யாரோ ஒருவர் தன் கையால் கட்டிய வீடு ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.