30 வைரங்களை ஆராய்ந்தார், பட்டம் கிடைக்கவில்லை!

ஏரவாடாவில் பஸ் ஏறி, பண்ட் கார்டன் பாலம் தாண்டி, சிவாஜி நகர் பக்கம் போகிறவர்களுக்குச் "சிம்லா ஆபீஸ்" தெரியாமல் இருக்காது. புனேயில் ஏது சிம்லா? வானிலை இலாகாவின் தலைமை அலுவலகம் 1928-ல் சிம்லாவில் இருந்து இங்கே மாற்றப்பட்டது. அதனால் வந்த பெயர் அது.

1948-ல் புனேயில் இந்த இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார் ஒரு பெண். பெயர் அன்னா மாணி. பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஐந்து ஆண்டுகள் பௌதிக ஆராய்ச்சி செய்தவர். ஆனால், அதற்கான பட்டம் அவரிடம் இல்லை!

இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில்

பீர்மேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1939-ல் பி.எஸ்சி. ஆனர்ஸ் தேறினார். மறு ஆண்டு உபகாரச் சம்பளம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார்.

அவர் ஆராய்ந்தது வைரங்கள், மாணிக்கக் கற்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களில் ஒளியைச் செலுத்தி, அவை உமிழும் ஒளியைப் போட்டோ தகட்டில் பதிவு செய்தார். ஒரு தகட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கினார்.

தனி ஒருவராக 5 கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் பிஎச்.டி. பட்டத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார்.

அந்தக் காலத்தில் விஞ்ஞானக் கழகத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகம்தான் கொடுக்க வேண்டும். "எம்.எஸ்சி. இல்லை, ஆகவே பிஎச்.டி. இல்லை" என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது.

இன்னொரு மாணவர்

அதே ராமனிடம், அதே காலத்தில் படித்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர். 1942-ல் மின் பொறியியல் படிக்க வந்தவர், பௌதிகத்துக்கு மாறினார்.

அவர் முதலில் எம்.எஸ்சி.க்கே ஆய்வேடு எழுதினார். சென்னைக் கல்லூரி எதிலும் அப்போது வகுப்புக்குப் போகாமல், பெங்களூரில் இருந்தபடியே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கினார். 1947-ல் டி.எஸ்சி. பட்டமும் வந்தது. பின்னர் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார்.

இருவரும் உழைத்தார்கள். ஒருவர் படி தவறாமல் ஏறினார். மற்றவருக்கு நடுப்படி இல்லாததால் கதவு சாத்தப்பட்டது.

121 பேருக்குத் தலைவி

அன்னா மாணி சோர்ந்துவிடவில்லை. லண்டன் சென்று வானிலைக் கருவிகள் பற்றிப் பயின்றார். திரும்பி வந்து புனேயில் சேர்ந்தவர், 1953-ல் 121 பேர் வேலை பார்த்த பிரிவுக்குத் தலைவியானார். வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி செய்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்கள் தயாராயின. 1976-ல் இலாகாவின் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். பட்டம் இல்லாதது தமக்குக் குறையே இல்லை என்று சொன்ன அவர், 2001-ல் காலமானார்.

இப்போது என்ன வழி?

ஏரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையம்தான். ஆனால், அங்கே தொல்லியலும் மொழியியலும்தான். பௌதிகம் என்றால் ஆற்றைத் தாண்ட வேண்டும்.

பாஷாணில் 2006-ல் தொடங்கிய ஐசர் நிலையத்தில், பிளஸ் 2 முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி 5 ஆண்டுப் படிப்பில் சேரலாம். கடைசி ஆண்டு முழுவதும் ஆராய்ச்சி, முடிவில் ஆய்வேடு, கையில் எம்.எஸ். பட்டம். பி.எஸ்சி. முடித்தவர்கள் "ஜாம்" தேர்வு எழுதலாம். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பிஎச்.டி.யோடு இணைந்த படிப்புக்கு அது வழி. அங்கே உதவித்தொகையும் உண்டு.

அன்னா மாணியைத் தடுத்த விதியும் தளர்ந்துவிட்டது. 2022-ம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி, 4 ஆண்டுப் பட்டப்படிப்பில் 75 சதவீத மார்க் பெற்றவர்கள், எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்குத் தகுதி பெறுவார்கள். ஆனால், 3 ஆண்டு பி.எஸ்சி. மட்டும் போதாது. பிள்ளையைச் சேர்க்கும் முன்பு, பட்டம் தருவது யார், அதற்குத் தகுதி என்ன என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்னா மாணியின் ஆய்வேடு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஏடுகளோடு சேர்த்து வைக்கப்பட்டது. பைண்டிங்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.