ஒருவருக்கு எத்தனை பெயர்? நூற்பட்டியலும் மாற்று அட்டவணையும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வின் முன்னோடியான பாணந்துறைப் பேராசிரியர் உவைஸ், ஓரிடத்தில் 'எம்.எம். உவைஸ்', இன்னோரிடத்தில் 'ம.மு. உவைஸ்'. "ரெண்டும் ஒராள்தானே" எண்டு நாம் சொல்லிவிடுவோம். கணினிக்கோ அவர் இரண்டு பேர். ஒரு பெயரைக் கொடுத்துத் தேடினால் மற்றப் பெயரிலுள்ள நூல்கள் வராது.

எக்ஸ்.எம்.எல். வடிவ நூற்பட்டியலில் ஒரு பதிவு இப்படியிருக்கும்:

<நூல் ஆசிரியர்="ம.மு. உவைஸ்"/>

'ஆசிரியர்' என்பது பண்பு; மேற்கோள் குறிக்குள் இருப்பது அதன் மதிப்பு. ஆயிரம் பதிவுகளைக் கையால் திருத்தப் போனால் புதுப் பிழைகளும் சேரும். 1999இல் வெளிவந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற உருமாற்ற மொழி இந்த வேலையைச் செய்து தரும்.

முதலில் தனிக் கோப்பொன்றில் அட்டவணை தயாரிக்க வேண்டும்: ஒரு பக்கம் நூலில் காணும் வடிவம், மறுபக்கம் நாம் ஏற்ற வடிவம். பிறகு இரண்டு விதிகள். முதல் விதி எல்லாவற்றையும் உள்ளபடியே பிரதி செய்யும். இரண்டாவது விதி 'ஆசிரியர்' பண்பை மட்டும் பிடித்து, அட்டவணையில் தேடி, ஏற்ற வடிவத்தை எழுதும்.

தேடலை விரைவாக்க 'கீ' என்ற வசதி உண்டு. முதற் பதிப்பில் அது, அந்நேரம் கையாளும் கோப்புக்குள் மட்டும்தான் தேடும். ஆகவே மதிப்பை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, அட்டவணைக் கோப்புக்குள் போய்த் தேட வேண்டும். 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில், எந்தக் கோப்பில் தேடுவது என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

பெயர் அட்டவணையில் இல்லாவிட்டால்? அதற்கு வழி சொல்லாமல் விட்டால் பண்பு வெறுமையாகிவிடும். ஓர் எழுத்தாளர் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்து போவார். எனவே, கிடைக்காதபோது பழைய மதிப்பையே வைக்கும்படி கட்டாயம் எழுத வேண்டும்.

இடப்பெயரில் இன்னும் கவனம் தேவை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய நூலொன்றில் 'கல்முனை, மட்டக்களப்பு மாவட்டம்' என்றிருந்தால் அது பிழையல்ல. அதைச் சும்மா 'அம்பாறை' ஆக்கினால் தேடல் இலேசாகும்; நம்மட வரலாற்றில் ஒரு துண்டு அழிந்துவிடும். பழைய மதிப்பைத் தொடாமல், புதியதை வேறொரு பண்பாகப் பக்கத்தில் எழுதுவதே முறை. ஆசிரியர் பெயருக்கும் இதுவே பொருந்தும்.

மருதமுனையிலும் நிந்தவூரிலும் ஒரே பெயரில் ரெண்டு பேர் எழுதியிருக்கலாம். அட்டவணை அவர்களை ஒராளாக்கிவிடும். அதைப் பிரித்தறிய ஊரையும் ஆளையும் தெரிந்தவர்தான் வேண்டும். அப்படிப்பட்டவர் இருக்கும்போதே அட்டவணையை எழுதிவிட வேண்டும்.