குகையில் எழுதிய மழைச் சரித்திரம்

நம் தேசத்தில் வானிலை இலாகா ஏற்பட்டது 1875-ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன் பருவமழை எப்போது பொய்த்தது, எத்தனை காலம் பொய்த்தது என்பதற்குக் கல்வெட்டுக்களும் பஞ்சக் கதைகளும் ஒருவாறு சாக்ஷி சொல்லும். பல்லாயிரம் ஆண்டுகளின் கணக்கை அவை சொல்லமாட்டா. அக்கணக்கை வைத்துக் காப்பவை நம் மலைக்குகைகளே.

மழைநீர் மண்ணிலுள்ள கரியமிலவாயுவைக் கிரகித்து, சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு குகைக்குள் சொட்டுகிறது. அங்கே அவ்வாயு பிரிந்ததும், கரைந்த சுண்ணாம்பு தரையில் படிந்து, படலத்தின்மேல் படலமாகத் தூண்போல் வளர்கிறது. அதில் சிறிதளவு யுரேனியமும் கலந்திருக்கும். யுரேனியம் காலக்கிரமத்தில் தோரியமாக மாறுவதால், இரண்டின் விகிதத்தை அளந்து படலத்தின் வயதைக் கணிக்கிறார்கள். பிராணவாயுவில் கனத்த வகை, இலேசான வகை என்ற பேதம் உண்டு. நம் நாட்டுக் குகைகளில், பருவமழை வலுத்த காலத்துப் படலத்தில் கனத்த வகை குறைந்தும், மழை தளர்ந்த காலத்துப் படலத்தில் மிகுந்தும் காணப்படும்.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மௌம்லு குகையில் எடுத்த தூணொன்று, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டிற்று. அதையே எல்லையாகக் கொண்டு, அன்று முதல் இன்றுவரையுள்ள காலத்திற்கு 'மேகாலய யுகம்' என்னும் பெயரைச் சர்வதேசப் புவியியல் சங்கம் 2018-ல் அங்கீகரித்தது. சிந்துவெளி நகரங்கள் க்ஷீணித்ததற்கு இவ்வறட்சியும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அதன் கடுமையையும் பரப்பையும் குறித்து அபிப்பிராய பேதமும் இல்லாமலில்லை. ஆகவேதான் இன்னும் பல குகைகளை ஆராய வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆராய்வதற்குக் குகைகள் நிலைத்திருக்க வேண்டுமே! அம்மலைகளில் ஸிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கப்படுகிறது. வீடு கட்ட ஸிமெண்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. செல்லரித்த சுவடிக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி கிடைக்கலாம். வெடிவைத்துத் தகர்த்த குகைக்குப் பிரதி ஏது?

சுமார் 150 வருஷ மழைக் கணக்கை மட்டும் நம்பி அணைகளையும் பாசனங்களையும் வகுக்கும் தேசம், அதனினும் நீண்ட வறட்சி வந்தால் என் செய்யும்? குகைகளை முறையாகக் கணக்கெடுத்து, அம்மலைவாழ் மக்களின் சம்மதத்தோடும் ஒத்துழைப்போடும், கோயில்களையும் கல்வெட்டுக்களையும் போலவே அவற்றையும் பாதுகாப்பது சர்க்காரின் கடமை. அந்த எழுத்தைப் படிக்கும் வித்தையில் நம் இளைஞரைத் தேர்ச்சி பெறச் செய்வது சர்வகலாசாலைகளின் கடமை. மழையை நம்பி உழும் கோடானுகோடி குடியானவர்களுக்கு நாம் பட்டுள்ள கடனில் இதுவும் ஒன்றாகும்.