லாச்சிக் காசும் கிரிக்கெட் பந்தயமும்

முன்பெல்லாம் பந்தயம் கட்ட விரும்புபவர் புக்கிக் கடைப் படியேற வேண்டும். தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவாரோ என்ற வெட்கம் ஒரு வேலியாக இருந்தது. இப்போது அந்த வேலியும் இல்லை. முதலாளி தன் கதிரையில் இருந்தபடியே, சாமான் வாங்க வந்தவருக்குப் பில் போட்டுக்கொண்டே, கையடக்கத் தொலைபேசியில் அடுத்த ஓவருக்குப் பணம் கட்டலாம்.

சூதாட்டம் ஹராம் என்பதை உலமாக்கள் சொல்லி வருகின்றார்கள். அதை இப்பத்தியில் நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால், "அளவோடு கட்டினால் ஒன்றும் ஆகாது நானா" என்று சொல்பவர்களும் நம் கடைத்தெருவில் இருக்கின்றார்கள். அவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். ஆகவே கணக்காகவே பேசுவோம்.

சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வையுங்கள். எந்தப் பக்கம் 1,000 ரூபா கட்டினாலும், வென்றால் முதலோடு சேர்த்து 1,900 ரூபா தருவதாகப் பந்தயக்காரர் சொல்கின்றார். இரண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரமாக 2,000 வாங்கி, வென்ற பக்கத்துக்கு 1,900 கொடுக்கின்றார். மிச்சம் 100 அவருடையது. எந்த அணி வென்றாலும் அவருக்குக் கவலையில்லை.

ஐ.பி.எல். 2025 பருவத்துக்கு 74 போட்டிகள் அட்டவணையிடப்பட்டிருந்தன. இதே விலையில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபா கட்டிய ஒருவர் சரிபாதி, அதாவது 37 போட்டிகளில் வென்றால் இலாபம் 166,500 ரூபா. மற்ற 37இல் நட்டம் 185,000 ரூபா. பாதி வென்றும் 18,500 ரூபா கையை விட்டுப் போகின்றது. முதல் தப்ப வேண்டுமானால் 39 போட்டிகளில் வெல்ல வேண்டும். நான்கு போட்டிகளைச் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். நான்கும் சரிவர 16இல் ஒரு வாய்ப்பு, ஆனால் 1,000 ரூபாவுக்குக் கிடைப்பது 16,000 அல்ல, சுமார் 13,000. நூற்றுக்கு 18க்கு மேல் கமிஷன் கொடுத்து நாம் எந்தச் சரக்காவது எடுப்போமா?

அந்த 18,500 ரூபாவைக் கடைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 10 இலாபத்தில் விற்பவர் அதை மீட்க 185,000 ரூபாவுக்கு வியாபாரம் செய்ய வேண்டும். கடை வாடகை, கரண்ட் பில், பையன்களின் சம்பளம் எல்லாம் அதற்கு வெளியே.

மாதச் சம்பளக்காரருக்குக் கையில் இருப்பது தன் பணம். நமது நிலை அப்படியல்ல. மாலையில் லாச்சியில் இரண்டு இலட்சம் இருந்தால் அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்கு எழுதிய செக்குக்குரியது. கொஞ்சம் பங்காளிக்குரியது, சீட்டுக் காசும் கிடக்கலாம். எல்லாமே அமானிதம். "அளவு" என்ற பேச்சு வியாபாரியிடம் உடைவது இங்கேதான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எப்போதும் பணம் இருக்கின்றது. தோற்றதைப் பிடிக்க 1,000, 2,000, 4,000 என்று இரட்டித்துக்கொண்டு போகிறவர் ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 127,000 ரூபா போய்விடும். எட்டாவது பந்தயத்துக்கு 128,000 தேவை. சம்பளக்காரர் அதற்கு முன்பே நின்றுவிடுவார், பணம் இராது. வியாபாரிக்கு இருக்கும்!

விளையாட்டைப் படித்தவன் வெல்வான் என்பார்கள். 2010இல் லோர்ட்ஸ் டெஸ்டில் நோ-போல் எப்போது விழும் என்பது முன்கூட்டியே விலைபேசப்பட்டிருந்தது. அடுத்த வருடம் பாகிஸ்தான் வீரர் மூவர் லண்டனில் சிறை சென்றனர். நமது நாட்டிலும் 2019இல் விளையாட்டு மோசடிக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கான சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் மேலே சொன்ன 1,900 கணக்கு மாறப்போவதில்லை. சூதாட்டம் சட்டபூர்வமான பிரித்தானியாவிலேயே 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டத் தடை. கடன் காசு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கின்றது.

பங்காளியோ மகனோ இதில் விழுந்திருப்பதைக் கடையே காட்டிக்கொடுக்கும். செக்கைப் போட வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்ற அழைப்புகள் கூடும். நல்ல சரக்கு கொள்விலைக்கும் கீழே காசாக்கப்படும். கணக்குக் கொப்பி எழுதப்படாமல் கிடக்கும். அப்போது சத்தம் போடுவதை விட லாச்சிச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது பலன் தரும். அன்றாட விற்பனையை மாலையிலேயே வங்கியில் போடுங்கள். செக்குக்கு இரண்டு கையொப்பம் வையுங்கள். அவருக்கென்று மாதச் சம்பளம் ஒன்றைத் தீர்மானித்து அதை மட்டும் கையில் கொடுங்கள். தொலைபேசியில் பதிந்துள்ள வங்கி அட்டையை நீக்கச் செய்யுங்கள்.

கடனை அடைக்க உதவும் உறவினர்கள் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே நேரில் கட்ட வேண்டும். "ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறேன்" என்று வாங்கும் பணமும் அடுத்த போட்டிக்கே போய்விடக்கூடும். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார ஸ்தாபனமே நோயாக வகைப்படுத்தியிருக்கின்றது. நிறுத்த நினைத்தும் முடியாதவர், அல்லது அவருடைய வீட்டார், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.